நின்ற வண்டியின் புகை

அந்த ஓட்டுநரின் இயற்பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும். தபால் பிரிப்பகத்தில் அவருக்குப் பெயர் ‘தள்ளு’. மரியாதை தெரிந்தவர்கள் ‘தள்ளு அண்ணன்’ என்பார்கள். அவர் ஓட்டிய தபால் வேனின் ஸ்டார்ட்டர் என்றோ உயிரை விட்டிருந்தது. ஆகவே, காலைதோறும் முத்திரை குத்துகிறவர்களும் பைகட்டுகிறவர்களும் முற்றத்தில் இறங்கி, வேனின் முதுகில் கைவைத்து, பொதுவிரோதியைத் துரத்துவதுபோல் அதை வாயில்வரை தள்ளிச்செல்வார்கள். வேன் இருமும், கனைக்கும், பிறகு ஓடும். அதற்குப்பின் பிற்பகலில் அது பிரிப்பகம் திரும்பும்வரை இஞ்சினை அணைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

பணிமனைத் தலைவர் இதை ஒரு குறையாகவே ஒப்புக்கொள்ளவில்லை. “இஞ்சின் தங்கமாட்டம் இருக்கு. அணைக்காம ஓட்டுங்க, போதும்” என்பார். தங்கத்தை யாரும் தள்ளிக்கொண்டு போவதில்லை என்று பைகட்டுகிறவர்கள் முணுமுணுப்பார்கள். ஓட்டுநரோ மறுபேச்சுப் பேசுவதில்லை. அவருக்கு இந்த ஏற்பாடு பழகிவிட்டது.

பழக்கம் என்பது அவர் வாழ்க்கையின் பொதுவிதி. சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர். வளர்த்தது அக்கா. அக்காவுக்கு வரன் அமைந்தபோது, “என் தம்பியும் என்னோட வருவான்” என்பதுதான் அவள் விதித்த ஒரே நிபந்தனை. மற்றப் பெண்கள் கட்டிலும் பாத்திரமும் கொண்டுசெல்லும் புகுந்த வீட்டுக்கு அவள் தம்பியைக் கொண்டுசென்றாள். அவர் மாடியறையில் குடியேறினார்; தபால் துறையில் பை சுமந்தார்; வண்டி ஓட்டக் கற்றார்; நாற்பத்தைந்தைக் கடந்தார். மாடியறையை மட்டும் கடக்கவில்லை. அக்கா காட்டிய வரன்களில் ஒருத்தி உயரம் என்றார், ஒருத்தி அதிகம் சிரிக்கிறாள் என்றார். கடைசியில் காரணம் சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

“பொண்ணு பாக்கக் கூட்டிட்டுப் போனா, இவன் வாசல்ல நிக்கிற வண்டியப் பாத்துட்டு வரான்” என்று அக்கா எல்லாரிடமும் சொல்வாள்.

அக்காவுக்குத் தெரியாத செய்தி ஒன்று இருந்தது. அது குன்றின்மேல், கிண்ணம்போன்ற ஒரு பள்ளத்தில் அமைந்த சிறிய அஞ்சலகத்தில் இருந்தது. அங்கிருந்து எத்திசையில் புறப்பட்டாலும் முதலில் ஏற்றம்தான். வண்டியை உருட்டிவிட்டு உயிர்ப்பிக்க வழியில்லை. வேனின் அன்றாடப் பயணத்தில் அதுவே கடைசி நிறுத்தம். தபால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே பை மாற்றியாக வேண்டும் என்பது துறையின் வழக்கம். கடிதம் ஒன்றுமில்லையெனில், ‘ஒன்றுமில்லை’ என்று ஒரு துண்டுத்தாளை எழுதிப் பைக்குள் இட்டு, வாயைக் கட்டி, அரக்கு முத்திரை வைத்து மேலே கொண்டுசெல்வார்கள். மேலேயும் அவ்வாறே ஓர் ஒன்றுமில்லையைக் கட்டிக் கீழே அனுப்புவார்கள். இரண்டு ஒன்றுமில்லைகளுக்கு நடுவே ஓட்டுநருக்கு எல்லாமும் இருந்தது.

எல்லாமும் என்றது, அந்த அஞ்சலகத்தின் போஸ்ட்மாஸ்டர் அம்மாளை. ஏழாண்டுகளுக்கு முன் மாற்றலில் வந்தவர், திருமணமாகாதவர், நாற்பதைத் தொட்டவர். கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவைத்துக்கொண்டு, குற்றவாளியின் கன்னத்தில் அறைவதுபோல் முத்திரை குத்துவார். பை மாற்றத் துறை அளித்த நேரம் ஐந்து நிமிடம். ஓட்டுநர் அதை அரைமணியாக வளர்த்திருந்தார். ஆனால், அந்த அரைமணி முழுவதும் ஜன்னலுக்கு வெளியே இஞ்சின் முழங்கிக்கொண்டிருக்கும். பேசவேண்டுமானால் கத்தவேண்டும். “பை வந்துடுச்சா”, “அரக்கு சரியா இருக்கு”, “மழை வரும்போல” என்பவற்றைக் கத்தலாம். காய்கறியைக் கூவி விற்கலாம். காதலைக் கூவ முடியுமா? எனவே ஓட்டுநர் ஏழாண்டுகளாக மழையைப்பற்றியே பேசிவந்தார்.

நம்பிக்கைக்கு ஓர் ஆதாரம் இருந்தது. அவர் விடைபெறும்போதெல்லாம் அந்த அம்மாளின் கண்கள் கலங்கியிருக்கும். அந்தக் கலங்கிய கண்களை நினைத்துக்கொண்டுதான் அவர் மாடியறையில் உறங்கினார்.

இந்நிலையில்தான் துறைக்குத் தன் கரிமத் தடத்தை அளந்து பார்க்கும் ஆசை வந்தது. நாடு முழுவதும் தபால் சுமக்கும் விமானம், ரயில், வேன், மோட்டார்சைக்கிள் ஆகியவையும், அலுவலகங்களின் விளக்கும் விசிறியும் சேர்ந்து ஆண்டுக்கு எவ்வளவு கரியை வானத்துக்கு அனுப்புகின்றன என்று கணக்கிட வேண்டும். அந்தப் பொறுப்பு தலைமையகத்தின் வாகனப் பிரிவுக் கண்காணிப்பாளரிடம் வந்தது. அவர் வேறு யாருமல்லர், அக்காவின் கணவர், ஓட்டுநருக்கு அத்தான்.

அத்தான் எதையும் அளக்காமல் நம்பாதவர். காப்பியை இரண்டாம் முறை சூடாக்கினால் எவ்வளவு எரிவாயு செலவாகும் என்று மனைவியிடம் விளக்கி, அன்று ஆறிய காப்பியைக் குடித்தவர். அவர் நாட்டின் எல்லா அஞ்சலகங்களுக்கும் வினா அனுப்பினார். பெரிய எண்ணைக் காட்டினால் புதிய வேன் கிடைக்கும் என்று எண்ணிய ஓர் அலுவலகம், ஒரு சிறிய எரிமலைக்கு உரிய எண்ணை எழுதியனுப்பியது. மற்றொன்று, ‘எமது அலுவலகத்தில் எவருக்கும் புகைபிடிக்கும் பழக்கம் இல்லை’ என்று பணிவுடன் தெரிவித்தது. அத்தான் மனம் தளரவில்லை. திருப்பியனுப்பித் திருத்தி வாங்கினார். ஒரு சனிக்கிழமை மாலை, சாப்பாட்டு மேசையில், கணக்கின் முதற்பயன் வெளிவந்தது.

“மாப்ள, ஒரு கடிதத்துக்கு எவ்வளவு புகைன்னு ரூட் ரூட்டா வகுத்துப் பாத்தேன். உங்க குன்று ரூட்தான் முதல்ல நிக்குது” என்றார்.

“முதல் இடமா?” என்றாள் அக்கா. “என் தம்பியும் எதுலயோ முதல்ல வந்துட்டானே.”

“இது கடைசியா வரவேண்டிய பட்டியல்.”

“அதானே பாத்தேன்.”

அத்தான் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். “போற தூரம் கொஞ்சம். குடிக்கிற டீசல் கொள்ளை. எங்க போகுது?”

“ஏத்தம், அத்தான்.”

“ஏத்தம் எல்லா ரூட்லயும் இருக்கு.”

“இது கொஞ்சம் செங்குத்தான ஏத்தம்.”

“ஏன்டா, டீசலை வித்துத் தின்னுட்டியா?” என்றாள் அக்கா.

“ஐயோ, இல்லக்கா.”

“இல்லன்னா சரி. தின்னிருந்தா கொஞ்சமாவது சதை போட்டிருப்பே.”

அத்தான் முகம் மாறவில்லை. “பட்டியல்ல முதல்ல நிக்கிற ரூட்டை அடுத்த மாசம் நிறுத்திடுவாங்க. அந்தப் பையை பஸ்ல ஏத்தி அனுப்பிடலாம்னு முடிவு. உங்களுக்கு டவுன் ஸ்டேஷன் ரூட் கிடைக்கும். நிழல்ல ஓட்டலாம். அதுக்கு முன்னாடி நேர்ல அளந்து பாக்கணும். திங்கக்கிழமை நானும் வண்டியில வரேன்.”

“நம்ம வீட்டு ஆள்தானே அத்தான்...”

“உறவு வேற, டீசல் வேற.”

ஓட்டுநர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். நிழலில் ஓட்டலாம், உண்மைதான். ஆனால் ஏழாண்டுகளாக நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று அவர் சேர்த்துவைத்த நாளைகள் எல்லாம் அடுத்த மாதத்தோடு தீர்ந்துவிடும்.

மாடியறையில் படுத்தபடி அவர் அத்தானின் கணக்கையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். புகையைக் கடிதத்தால் வகுக்கிறார்கள். புகையைக் குறைக்க வழியில்லை. வண்டியை அணைத்தால் கிளம்பாது. அப்படியானால் கடிதத்தைப் பெருக்க வேண்டியதுதானே. எந்தக் கோணத்திலிருந்து பார்த்தும் அந்தத் திட்டத்தில் ஓட்டை எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவர் தெருத்தெருவாக அலைந்தார். முடிதிருத்துபவர், தையற்காரர், மருந்துக்கடைக்காரர், ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர் எனத் தெரிந்தவர் எல்லாரிடமும் உறையையும் தபால்தலையையும் நீட்டி, “ஒரே ஒரு கடுதாசி எழுதுங்க, குன்றுக்கு” என்று கெஞ்சினார்.

“குன்றுல எனக்கு யாரைத் தெரியும்?” என்றார் முடிதிருத்துபவர்.

“யாருக்கா இருந்தா என்ன?”

“ஆள் பேர் இல்லாம எப்படிப்பா எழுதுறது? தலையைக் காட்டாம முடி வெட்டச் சொல்ற மாதிரி இருக்கு.”

ஓட்டுநர் யோசித்தார். ஏழாண்டுகளாக அன்றாடம் போய்வந்தும் குன்றில் அவர் அறிந்தது ஒரே ஒருவரைத்தான். “போஸ்ட்மாஸ்டர், குன்று அஞ்சலகம்னு எழுதுங்க” என்றார். அந்த ஒரு முகவரியையே எல்லாருக்கும் தந்தார். அவசரத்தில் அதிலுள்ள ஆபத்து அவர் மூளைக்கு எட்டவில்லை.

திங்கட்கிழமை காலை, பணிமனைக்காரர்கள் டீசல் குழாயில் ஓர் அளவியைப் பொருத்தினார்கள். பைகட்டுகிறவர்கள் வழக்கம்போல் தள்ளினார்கள். தலைமையக அதிகாரி உள்ளே அமர்ந்திருந்ததால் கூடுதல் பக்தியுடன் தள்ளினார்கள். வழியிலிருந்த அஞ்சலகங்களில் வேன் நின்றது, பை மாறியது, கிளம்பியது. அத்தான் குறித்துக்கொண்டே வந்தார். குன்றின் அடிவாரத்தில் கடைசிப் பையை மடியில் தூக்கிவைத்துப் பார்த்தார்.

“குன்றுக்குத் தினம் காத்துதான் போகுதுன்னு நினைச்சேன். கனமா இருக்கே.”

“திங்கக்கிழமை, அத்தான்” என்றார் ஓட்டுநர், சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

அஞ்சலகத்தின் முன் வேன் நின்று முழங்கியது. போஸ்ட்மாஸ்டர் அம்மாள் பையின் வாயை அவிழ்த்துக் கவிழ்த்தார். கடிதங்கள் மேசைமேல் சரிந்தன. ஒன்றை எடுத்தார், தன் முகவரி. இன்னொன்றை எடுத்தார்; தன் முகவரி. கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. ஒவ்வோர் உறையாகக் கிழித்தார். முடிதிருத்துபவர், தாம் நலம் என்றும் கடையில் புதிய கண்ணாடி மாட்டியிருப்பதாகவும் எழுதியிருந்தார். தையற்காரர், ஓராண்டாக யாரும் வாங்கிச்செல்லாத ஒரு கால்சட்டையின் அளவுகளைத் தந்து, குன்றில் யாருக்காவது பொருந்துமா என வினவியிருந்தார். மருந்துக்கடைக்காரர் எழுதியதை மருத்துவர்களால் மட்டுமே படிக்க முடியும். நீதிமன்ற எழுத்தரோ, தம் தெருச் சாக்கடையைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் புகார் எழுதி, நகல் தம்மிடம் உள்ளது என்று எச்சரித்திருந்தார்.

அந்த அம்மாள் எழுந்து ஜன்னலருகே வந்து, வெளியே நின்ற ஓட்டுநரிடம், இஞ்சினின் ஓசையை மீறிக் கேள்வியைத் தொடங்கினார். அதே நேரத்தில் வேனுக்குள்ளிருந்து அத்தான், “இந்த அளவியை மறுபடியும் சைபர்ல வைக்கணும், மாப்ள. வண்டியை அணைங்க” என்றார்.

“அணைச்சா கிளம்பாது, அத்தான்.”

“கிளம்பாதது பணிமனை கணக்கு. எனக்கு சைபர் வேணும்.” அத்தானே கையை நீட்டிச் சாவியைத் திருப்பிவிட்டார்.

இஞ்சின் நின்றது.

“இவங்கெல்லாம் யாரு!” என்று அந்த அம்மாள் போட்ட கூச்சல் மட்டும் பள்ளம் முழுவதும் தனியாக எதிரொலித்தது. அவரே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். உள்ளறையில் ஒரு குழாய் சொட்டுவது கேட்டது. இந்த அஞ்சலகத்தில் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதே ஓட்டுநருக்கு அன்றுதான் தெரிந்தது.

“தெரிஞ்சவங்க” என்றார் ஓட்டுநர். தம் குரல் இவ்வளவு மெலிந்தது என்பதும் அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

அத்தான் இறங்கி வந்து வேனைக் கிளப்பிப் பார்க்கச் சொன்னார். கிளம்பவில்லை. ஓட்டுநரை உள்ளே உட்காரவைத்து மற்ற இருவரும் தள்ளிப் பார்த்தார்கள். ஏற்றம் வேனைத் திருப்பித் தள்ளியது. பணிமனைக்குத் தொலைபேசினார்கள். ஆள் பிற்பகலில்தான் வருவான். அத்தான் வேனுக்குள் அமர்ந்து, சைபரிலிருந்து தம் கணக்கைத் தொடங்கினார்.

உள்ளே அந்த அம்மாள் கடிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். “துறை விதி தெரியுமா உங்களுக்கு? போஸ்ட்மாஸ்டர் பேருக்கு வர ஒவ்வொரு கடுதாசிக்கும் எழுத்துல பதில் போடணும். இத்தனைக்கும் யார் எழுதுறது?”

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார்.

“நீங்கதான். உக்காந்து எழுதுங்க. நான் சொல்றேன்.” கவுண்டருக்குப் பின்னாலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வெளியே போட்டார்.

அவர் உட்கார்ந்தார். “ஏழு வருஷமா வரேன். இன்னிக்குத்தான் உக்காரச் சொல்றீங்க.”

“ஏழு வருஷமா இஞ்சின் ஓடிட்டே இருந்துச்சே. கிளம்புற ஆளை எப்படி உக்காரச் சொல்றது?”

“நான் எங்க கிளம்பினேன்? தினம் அரைமணி நேரம் நின்னேனே.”

“நீங்க நின்னீங்க. வண்டி கிளம்பிட்டே நின்னுச்சு. என்னமோ நான்தான் உங்க நேரத்தை வீணாக்குறேங்கிற மாதிரி. அது போடுற புகை வேற. நேரா இந்த ஜன்னல் வழியாத்தான் வரும். நீங்க போறதுக்குள்ள கண்ணு எரிஞ்சு தண்ணியா ஊத்தும்.”

ஓட்டுநர் பேனாவைக் கீழே வைத்தார். ஏழாண்டு உறக்கத்துக்கு ஆதாரமாயிருந்த கண்ணீர், டீசல் கணக்கில் வரவு வைக்கப்பட்டுவிட்டது.

“என்ன, எழுதுங்க. ‘அன்புள்ள முடிதிருத்துநர் அவர்களுக்கு, தங்கள் புதிய கண்ணாடி பற்றி அறிந்து மகிழ்ச்சி.’ எழுதிட்டீங்களா?”

எழுதினார். கால்சட்டைக்கும் எழுதினார். மருந்துக்கடைக்காரருக்கு, அந்த அம்மாள் சொன்னபடியே, யாருக்கும் புரியாத ஒரு கிறுக்கலைப் பதிலாகக் கிறுக்கினார். அப்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாளும் சிரித்தார். அவர் சிரிப்பில் சத்தம் உண்டு என்பதும் ஒரு புதிய செய்தி.

சாக்கடைக் கடிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு அந்த அம்மாள் கேட்டார்: “சரி, இப்ப சொல்லுங்க. எதுக்கு இந்தக் கூத்து?”

மழையைப்பற்றிப் பேச இயலாத அளவுக்கு வானம் தெளிவாக இருந்தது. ஓட்டுநர் சொன்னார்: “கடுதாசி கொஞ்சம்னா இந்த ரூட்டை நிறுத்திட்டு என்னை டவுன் ரூட்ல போட்டுடுவாங்க. அதான்.”

“நிறுத்தட்டுமே. டவுன் ரூட் தருவாங்க. ஏத்தம் இல்ல, இறக்கம் இல்ல. நல்லதுதானே?”

“டவுன்ல நீங்க இல்லயே.”

சொல்லிவிட்டார். கத்தாமலே சொல்லிவிட்டார். குழாய் சொட்டியது. அந்த அம்மாள் எதிரிலிருந்த உறைகளை எடுத்து, தேவைக்கு மேல் ஓசையில்லாமல், ஒன்றன்மேல் ஒன்றாக முத்திரை குத்தினார்.

“இன்னிக்கு வண்டி கிளம்பல. அதனால இருக்கீங்க. வேற வழியில்லாம உக்காந்திருக்கிறவர் சொல்றதை எப்படி எடுத்துக்கிறது? கிளம்ப வழி இருக்கிறப்போ வந்து சொல்லுங்க. அப்ப யோசிக்கலாம்.”

பிற்பகலில் பணிமனை ஆள் வந்து வேனைக் கயிறுகட்டி இழுத்து உயிர்ப்பித்தான். இறங்கும் வழியில் அத்தான் அளவியின் எண்களைக் கூட்டிக் கழித்துக்கொண்டே வந்தார்.

“ஏத்தம் குடிச்சது கொஞ்சம்தான், மாப்ள. நின்னு குடிச்சதுதான் பாதிக்கு மேல. மத்த ஊர்ல எல்லாம் பையை மாத்தினதும் கிளம்பிட்டீங்க. இங்க மட்டும் அரைமணி. காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல என்ன எழுதட்டும்?”

ஓட்டுநர் கியரை மாற்றினார்.

“‘பை மாற்றத்தில் தாமதம்’னு எழுதட்டுமா?”

“பொய்யில்லயா, அத்தான்?”

“பை மாத்தப் போனீங்க. தாமதமாச்சு. இதுல எது பொய்?” அத்தான் பேனாவை மூடினார். “நெருப்பில்லாம புகையாதுன்னு எனக்கும் தெரியும். துறை கேட்டது புகையை மட்டும்தான். நெருப்பை நான் எழுத வேண்டியதில்ல.”

ஓட்டுநர் அன்றைய கடிதங்களையாவது கணக்கில் சேர்ப்பாரா என்று அத்தானிடம் கேட்டார்.

“மாசச் சராசரிதான் கணக்கு. ஒரு நாள் வெள்ளத்தை ஆறுன்னு எழுத முடியாது.”

அவ்வாறாக ஞாயிற்றுக்கிழமை அலைச்சல் முழுவதும் வீணாயிற்று. ஆனால் அத்தானின் அறிக்கை நேர்மையாகச் சென்று, நேர்மையான உத்தரவாகவே திரும்பி வந்தது: ஸ்டார்ட்டரை உடனே மாற்றுக, நின்ற இடத்தில் இஞ்சினை அணைக்க, குன்று ரூட் பட்டியலின் நடுவுக்கு இறங்குவதால் நிறுத்த வேண்டியதில்லை, ஆயினும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடினால் போதும். மற்ற நாள்களில் ஓட்டுநர் டவுன் ஸ்டேஷனுக்குப் பை ஏற்றிவிட்டு நண்பகலில் வீடு திரும்பலாம். பைகட்டுகிறவர்கள் காலைத் தேகப்பயிற்சியை இழந்து, இரண்டு வாரத்தில் தொப்பை போட்டார்கள்.

ஸ்டார்ட்டர் மாற்றிய பிறகு அவர் குன்றுக்கு வேனோடு போனார், அணைத்தார், பை மாற்றினார், திரும்பினார். அந்த அம்மாளும் ஒன்றும் கேட்கவில்லை. வேனோடு வந்து சொன்னால் அது வேலைக்கு வந்ததோடு சேர்ந்துவிடும் என்று ஓட்டுநர் எண்ணினார். துறை அனுப்பாத நாளில் போகவேண்டும்.

மறுநாள் நண்பகலில் அவர் சலவைச் சட்டை அணிந்து பஸ் ஏறினார். கையில் பை இல்லாமல் அந்தப் பள்ளத்தில் இறங்கி நடப்பது, உடுப்பில்லாமல் நடப்பதுபோல் கூச்சமாக இருந்தது.

போஸ்ட்மாஸ்டர் அம்மாள் கவுண்டரிலிருந்து எட்டிப்பார்த்தார். “இன்னிக்கு வண்டி கிடையாதே.”

“இல்ல.”

“பை?”

“பையும் இல்ல.”

“பஸ் உடனே திரும்பிடும். போறதுன்னா இப்பவே ஓடணும். அப்புறம் சாயங்காலம்தான்.”

வெளியே பஸ் ஒலி எழுப்பியது. ஓட்டுநர் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் ஏற்றத்தில் முக்கி முனகி மறைந்தது.

“எதுக்கு வந்தீங்கன்னு கேக்க மாட்டீங்களா?” என்றார் அவர்.

“தெரிஞ்சதை எதுக்குக் கேக்கணும்? வேலை நேரத்துல சொந்த விஷயம் பேசக்கூடாது. நாலரைக்குக் கதவைச் சாத்துவேன். அதுவரைக்கும் சும்மா இருக்காம அந்த உறையெல்லாம் ஒட்டுங்க” என்றார் அந்த அம்மாள். குரல் கண்டிப்பாக இருந்தது. ஆனால் அன்று குத்திய முத்திரைகளில் பாதி தலைகீழாக விழுந்தன.

மாலை பஸ்ஸில் இருவர் இறங்கினார்கள். வழியில் பேசவேண்டியவற்றை எல்லாம் பேசி முடித்திருந்தார்கள்; அந்த அம்மாள் சரி என்ற சொல்லை அடிவாரத்துக்கு முந்தின வளைவிலேயே சொல்லிவிட்டதாக ஓட்டுநர் பின்னாளில் சாதிப்பார்; வளைவுக்குப் பிறகுதான் என்று அந்த அம்மாள் மறுப்பார். அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அக்கா திறந்தாள். தம்பியின் சலவைச் சட்டையை மேலும் கீழும் பார்த்தாள். பக்கத்தில் நின்றவரைப் பார்த்தாள். உள்ளே நாளிதழுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்ட கணவரையும் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“இத்தனை வருஷமா எரிஞ்ச டீசல் நீங்கதானா?” என்று கேட்டாள்.

“பாதிதான் நான்” என்றார் போஸ்ட்மாஸ்டர் அம்மாள், செருப்பைக் கழற்றியபடி. “மீதி ஸ்டார்ட்டர்.”

“உள்ள வாங்க” என்றாள் அக்கா. அன்று அவள் காப்பியை இரண்டு முறை சூடாக்கினாள். அத்தான் அதைச் சூடாகவே குடித்தார்.